புதிய ஆப்பிரிக்கன் வயலட்டைப் பழைய செடிகளோடு எப்போது சேர்ப்பது?

14 மே 2023 (கோவை வாசகர் ஒருவரின் கேள்வி)

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போயிருந்தபோது சாலையோர நர்சரி ஒன்றில் ஐந்து ஆப்பிரிக்கன் வயலட் செடிகளை வாங்கி வந்தேன். வீட்டில் விளக்கு பொருத்திய அலமாரியில் இருபது செடிகள் நான்கு ஆண்டுகளாக நன்றாக இருக்கின்றன. புதியவற்றை ஒருமுறை கழுவி, வேப்பெண்ணெய் தெளித்து, மறுநாளே அலமாரியில் ஏற்றிவிடலாம் என்பது என் எண்ணம். இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூச்சியும் இல்லை. இதற்கு மேல் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

14 மே 2023, இரவு (என் பதில்)

ஏற்றாதீர்கள். ஐந்து செடிகளையும் வேறோர் அறைக்குக் கொண்டுபோய், குறைந்தது நான்கு வாரம் தனியாக வையுங்கள். வேறு அறை இல்லாவிட்டால் அலமாரிக்கு எதிர்ப்பக்கச் சன்னல் போதும். காற்றாடியின் காற்று புதிய செடியிலிருந்து பழைய செடியை நோக்கி அடிக்காத இடமாக இருக்க வேண்டும்.

திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்கிறீர்கள். இந்தச் செடியை அழிக்கக்கூடியவற்றில் மிக மோசமானது சைக்ளமன் சிலந்திப்பேன். அதன் நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அது இலையின் அடியில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. வெளிச்சத்துக்கு அஞ்சி, நடுக்குருத்தில் இன்னும் விரியாத இலைகளின் மடிப்புக்குள் ஈரமான இடத்தில் ஒளிந்திருக்கும். மண்ணில் வாழும் மாவுப்பூச்சி வேரில் இருக்கும். இலைப்பேனின் (த்ரிப்ஸ் என்னும் பூச்சி) முட்டை இலைத் திசுவுக்குள்ளேயே இருக்கும். நீங்கள் பார்த்த இடத்தில் இவை மூன்றும் கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

வேப்பெண்ணெயும் அப்படித்தான். அது படுகிற இடத்தில் ஓரளவு வேலை செய்யும். குருத்தின் மடிப்புக்குள்ளும் மண்ணுக்குள்ளும் படாது. தெளித்துவிட்டோம் என்ற நிம்மதி நமக்குக் கிடைக்கிறது, செடிக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கணக்கு. பூச்சி இருந்தால் அது பெருகி வெளியே தெரிய நாள் பிடிக்கும். அந்த நாள்களைச் செடி உங்கள் இருபது செடிகளுக்கு அருகில் கழிக்கக் கூடாது. தடுப்பு என்று நான் சொல்வது இவ்வளவுதான்.

15 மே 2023

நேற்று எழுத மறந்த ஒன்று, கேட்டால் கோபம் வரும். ஐந்து செடிகளிலும் உள்ள பூக்களையும் மொட்டுகளையும் இன்றே கிள்ளிவிடுங்கள். கிள்ளியவற்றை ஒரு நெகிழிப் பையில் போட்டு முடிந்து, வீட்டுக்கு வெளியே எறியுங்கள்.

இலைப்பேன் மகரந்தத்தை விரும்பித் தின்னும். வயலட் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் பைகள் அதற்கு விருந்து. இதழின் மேல் மஞ்சள் தூள் சிந்தியிருந்தால் யாரோ அந்தப் பையைக் கிழித்திருக்கிறார்கள் என்று பொருள், ஏனென்றால் வயலட் தானாக மகரந்தத்தை உதிர்ப்பதில்லை. கிள்ளுவதற்கு முன் ஒரு பூவின் மேல் வாயால் மெல்ல ஊதிப் பாருங்கள். உள்ளே இருப்பவை பரபரவென்று ஓடும். வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டினாலும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் கோடு போன்ற உருவங்கள் விழும்.

நான் முதன்முதலில் பூவைக் கிள்ளியபோது என் கணவர், "பூவுக்காக நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிய செடியில் பூவைக் கிள்ளி எறிகிறவளை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் கிள்ளினேன்.

21 மே 2023

குருத்தில் என்ன பார்ப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

நலமான வயலட்டின் நடுவிலிருந்து வரும் இலைகள் பளிச்சென்ற பச்சையில், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுத் தள்ளி விரிந்து, தட்டுப் போலப் படியும். சைக்ளமன் சிலந்திப்பேன் தாக்கிய செடியின் நடு இலைகள் சிறுத்து, சாம்பல் பூத்து, வழக்கத்தைவிட மயிர் அடர்ந்தவை போலத் தோன்றி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சுருண்டு நிற்கும். தொட்டால் விறைப்பாக இருக்கும், எளிதில் ஒடியும். மொட்டு வந்தாலும் காம்பு நீளாமல் குருத்துக்குள்ளேயே மடங்கிப்போகும்.

நம் ஊர் மிளகாய் விவசாயிகளுக்கு இதன் உறவினரை நன்றாகத் தெரியும். மிளகாயில் இலை கீழ்நோக்கிக் குவிந்து காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்பார்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் என்பார்கள். அந்த முரணையும் வயலட்டைத் தாக்கக்கூடியதுதான். ஆகவே மாடியில் மிளகாய்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அதைத் தொட்ட கையோடு வயலட் அலமாரிக்கு வர வேண்டாம். ஸ்ட்ராபெரி, பிகோனியா, ஃபியூஷியா, ஜெர்பரா ஆகியவற்றிலும் சைக்ளமன் பேன் வாழும். நான் இருக்கும் குன்னூரில் இவை நான்கும் எல்லார் வாசலிலும் இருக்கின்றன, என் வாசல் உட்பட.

ஆதலால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் பழைய செடிகள், பிறகு தனியறைச் செடிகள், கடைசியாகத் தோட்டம். திரும்பி வந்து அலமாரியைத் தொடுவதானால் கை கழுவிச் சட்டையையும் மாற்ற வேண்டும். இலையில் தூசி தட்டும் தூரிகை, தண்ணீர் ஊற்றும் குவளை ஆகியவை தனியறைக்கென்று வேறாக இருக்கட்டும். சிலந்திப்பேனுக்குச் சிறகில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளும்போது அதை நடத்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் விரல்கள்தான்.

2 ஜூன் 2023

என் முதல் குறிப்பைத் திருத்த வேண்டும். நான்கு வாரம் என்று எழுதியது இலையிலும் பூவிலும் இருப்பவற்றுக்குத்தான் ஓரளவு பொருந்தும். மண்ணில் இருப்பதற்குப் பொருந்தாது.

இன்று காலை, சென்ற மார்ச் மாதம் தனியறையில் நான்கு வாரம் வைத்துப் பிறகு அலமாரிக்கு ஏற்றிய ஒரு செடியைத் தொட்டி மாற்றுவதற்காகக் கவிழ்த்தேன். மண்கட்டியின் ஓரத்தில், தொட்டியின் உட்சுவரை ஒட்டி, பஞ்சு வைத்ததைப் போல வெள்ளைத் திட்டுகள். மெல்ல நகர்ந்தன. மண் மாவுப்பூச்சி. செடியின் மேற்பகுதியில் நோய் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. கொஞ்சம் வாடினாற்போல இருந்தது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்திருந்தேன்.

அதே தட்டில் தண்ணீரைப் பகிர்ந்துகொண்ட நான்கு செடிகளையும் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்றில் இருந்தது. தொட்டியின் அடித்துளை வழியாக இறங்கி, நனைந்த தட்டின் மேல் நடந்து, அடுத்த தொட்டியின் துளை வழியாக ஏறியிருக்கின்றன. ஒரு செடிக்கு ஒரு தட்டு என்று வைத்திருந்தால் ஒன்றோடு நின்றிருக்கும்.

எனவே புதிய செடி வந்து ஓரிரு நாள் தெளிந்ததும் அதைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். நர்சரி மண்ணை முழுதும் உதறி, வேரை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, அடிவரிசை இலைகளை நீக்கி, புதிய கலவையில் புதிய தொட்டியில் நட வேண்டும். தொட்டி பெரிதாக வேண்டாம். இலைப் பரப்பின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும், வேர் அழுகும், மண் கொசு வரும்.

கலவைக்கு நான் தென்னைநார்த் தூளும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்) சிறிது மக்கிய இலைத்தூளும் சேர்க்கிறேன். இலைத்தூளை மட்டும் பழைய இட்லிப் பானையில் அரைமணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுவேன். அந்தப் பானை இட்லிக்குத் திரும்பவில்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன், எங்கள் வீட்டில் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

3 ஜூன் 2023

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஓர் அம்மையார் தம் செடிகள் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்து, "அத்தனையிலும் வெள்ளைப் பூச்சி" என்று எழுதியிருக்கிறார். அம்மா, அது பெர்லைட்டாக இருக்கலாம். ஊசி முனையால் அழுத்துங்கள். பெர்லைட் நொறுங்கித் தூளாகும். பூச்சி நசுங்கி ஈரமாகும். அரிசி மணியைவிடச் சிறியதாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், மாவில் புரட்டியதைப் போல இருந்தால்தான் கவலை.

4 ஜூன் 2023

பெர்லைட்டேதான். நல்லது. பன்னிரண்டு செடிகள் காரணமில்லாமல் குளித்துவிட்டன.

18 ஜூன் 2023

கேள்வி கேட்ட கோவை அன்பர் படம் அனுப்பியிருக்கிறார். ஐந்தில் இரண்டு செடிகளின் நடுப்பகுதி இறுகிவிட்டது, சைக்ளமன் பேன்தானே, எறிந்துவிடலாமா என்கிறார். மே 21-ஆம் நாள் நான் எழுதிய அடையாளங்கள் அவருடைய பயத்துக்குக் காரணம் என்பதால் இதை நான்தான் சரிசெய்ய வேண்டும்.

நடு இறுகுவதற்குப் பேன் ஒரு காரணம் மட்டுமே. விளக்கு மிக அருகில் இருந்தாலும் இறுகும். உரம் மிகுந்தாலும் இறுகும்; அப்போது குருத்திலும் இலைக்காம்பு தொட்டியின் விளிம்பில் உரசும் இடத்திலும் துருநிறத்தில் உப்புப் படிந்திருக்கும். 2019-இல் எல்இடி விளக்கு புதிதாக வாங்கி, இலைக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஆறு செடிகளின் நடு முறுகி நின்றதைக் கண்டு பேன் என்று முடிவுகட்டி, நல்ல இரகங்கள் ஆறையும் குப்பையில் போட்டேன். ஏழாவது செடிக்கு இடமில்லாமல் கீழ்த்தட்டில், விளக்குக்குத் தூரமாக வைத்திருந்தேன். மூன்று வாரத்தில் அது விரிந்து பூத்தது. அன்றைக்கு நான் எறிந்தது பேனை அன்று.

அதனால் முதலில் செய்ய வேண்டியது விளக்கைத் தள்ளிவைப்பது, உரத்தை நிறுத்துவது, மேலிருந்து ஒருமுறை நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு உப்பைக் கழுவுவது. இவை எல்லாம் தனியறையிலேயே நடக்கட்டும். மூன்று வாரத்தில் புதிய இலை பச்சையாக விரிந்தால் பேன் இல்லை. சாம்பல் நிறமும் மயிரடர்த்தியும் தொடர்ந்தால் பேன் என்று கொள்ளலாம். இங்கேதான் தனியாக வைப்பதன் பலன் தெரிகிறது: செடி பழையவற்றோடு இருந்தால் மூன்று வாரம் காத்திருக்கும் துணிச்சல் யாருக்கும் வராது.

9 ஜூலை 2023

இரண்டில் ஒன்று விரிந்துவிட்டதாம். மற்றொன்று விரியவில்லை. அதற்கு என்ன மருந்து என்று கேட்கிறார்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உரக்கடை ஒன்றில் போய், செடியில் பேன் இருக்கிறது, மருந்து வேண்டும் என்றேன். கடைக்காரர் எழுந்துவந்து மரியாதையாக, "எத்தனை ஏக்கரம்மா?" என்று கேட்டார். மூன்று தொட்டி என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு இமிடாக்ளோப்ரிட் புட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து. அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் கேட்கும். சிலந்திப்பேன் பூச்சி இனமே அன்று, எட்டுக்கால் இனம். அதற்கு இந்தப் பூச்சிக்கொல்லி உறைக்காது. சிலந்திக்கொல்லி என்று தனியாக இருப்பவை, எடுத்துக்காட்டாக அபாமெக்டின், வேண்டும். அதிலும் ஒருமுறை தெளித்தால் முட்டை தப்பிவிடும். ஏழு நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை தெளிக்க வேண்டியிருக்கும். அபாமெக்டின் கடுமையான நஞ்சு. குழந்தையும் பூனையும் நடமாடும் மூடிய வீட்டுக்குள் மூன்று தொட்டிக்காக அதைத் தெளிக்க எனக்கு மனம் வரவில்லை.

கந்தகம் மிதமானது என்று எண்ணி நனையும் கந்தகத்தூளைக் கரைத்துத் தெளித்தேன். ஐந்து நாளுக்கு முன்புதான் அதே செடிகளுக்கு வேப்பெண்ணெய் அடித்திருந்தேன். எண்ணெய்ப் படலம் இருக்கும் இலையில் கந்தகம் பட்டால் இலை கருகும் என்பதைப் படித்தது அதற்கு மறுநாள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். மூன்று செடிகளும் ஓரம் கருகிப் பழுப்பாயின. பேனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிவதற்குள் செடியே போய்விட்டது.

வெந்நீர் முறையும் உண்டு. 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் கால்மணி நேரம் செடி முழுவதையும் அமிழ்த்தி வைப்பது. ஒருமுறை செய்துபார்த்தேன். சூடு குறையும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் சேர்த்துக்கொண்டு, வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டியிருந்தது. வெளிவரிசை இலைகள் போயின, நடு பிழைத்தது. அரிய இரகத்துக்கு மட்டும் இந்தச் சிரமம் தகும்.

கோவை அன்பருக்கு என் பதில்: ஊட்டிச் சாலையோரச் செடி, எளிதில் மறுபடியும் கிடைப்பது. அதை நெகிழிப் பையால் மேலிருந்து மூடி, அப்படியே முடிந்து எறியுங்கள். தொட்டியையும் சேர்த்து.

10 ஜூலை 2023

எறிவது கொடுமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருபது செடிகளின் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

27 ஆகஸ்ட் 2023

கூரியரில் செடி வாங்குபவர்களுக்கு இந்தக் குறிப்பு. பெட்டியை வீட்டுக்கு வெளியே பிரியுங்கள். சுற்றிவந்த செய்தித்தாள், பஞ்சு எல்லாவற்றையும் அங்கேயே பையில் கட்டுங்கள். செடி துவண்டிருக்கும், தண்ணீரில் மூழ்கடிக்காமல் நிழலில் ஒருநாள் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இலையைக் கழுவுவதானால் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் இந்த இலையில் வெளிறிய வளையங்கள் விழும், அவை மறையாது. கழுவியபின் நடுக்குருத்தில் தேங்கும் ஈரத்தை மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள்.

ஆனால் செடியாகவே வாங்க வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன். நான் கடந்த இரண்டு ஆண்டுகளாக விலை கூடிய இரகங்களை இலையாக மட்டுமே வாங்குகிறேன். ஓர் இலை வரும்போது மண் வருவதில்லை, வேர் வருவதில்லை, நடுக்குருத்து வருவதில்லை, பூ வருவதில்லை. மேலே நான் புலம்பியவற்றில் இலைத் திசுவுக்குள் இருக்கும் இலைப்பேன் முட்டையைத் தவிர மற்றவை அந்த நான்கு இடங்களில் குடியிருப்பவை. இலையை ஒரு துளி சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, காம்பைச் சாய்வாக அரை அங்குலம் நறுக்கிவிட்டு, ஈரக் கலவையில் செருகி, மூடிய டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் குட்டிகள் எழும். அந்த டப்பாவே தனியறை.

இந்தச் செடி உலகத்துக்கு அறிமுகமானதும் ஏறத்தாழ அப்படித்தான். 1892-இல், இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலைப்பகுதியில் ஜெர்மானிய ஆட்சி அலுவலராக இருந்த வால்டர் வான் செயின்ட் பால் என்பவர் இதைக் கண்டு, தாய்நாட்டில் இருந்த தம் தந்தைக்கு விதை அனுப்பினார். ஹானோவர் அருகே ஹெரன்ஹாசன் தோட்டத்தில் இருந்த ஹெர்மன் வென்ட்லாண்ட் மறு ஆண்டே அதற்கு செயின்ட்பாலியா என்று அந்தக் குடும்பத்தின் பெயரை வைத்தார். 2015-இல் தாவரவியலார் அதை ஸ்ட்ரெப்டோகார்ப்பஸ் பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள், ஆனால் நர்சரிக்காரருக்கு அது எப்போதும் வயலட்தான். கடல் கடந்து விதை போனதால் உசம்பாராவின் மண்ணில் இருந்தவை அத்தனையும் உசம்பாராவிலேயே தங்கின.

28 ஆகஸ்ட் 2023

இரண்டு விலக்குகள். கைமேரா வகையில், அதாவது இதழில் சக்கர ஆரம் போலக் கோடு விழும் செடிகளில், இலையிலிருந்து வரும் குட்டி தாயைப் போல இராது. அவற்றைப் பக்கக்கன்றாகவோ பூக்காம்பிலிருந்தோதான் பெருக்க வேண்டும், ஆகவே கன்றாக வாங்கித் தனிமையில் வைப்பதைத் தவிர வழியில்லை. இலைப்பேன் கடத்தும் நச்சுயிரி நோய் இருந்தால் அது இலைக்குள்ளும் இருக்கும், கழுவினாலும் போகாது. இலையில் வளையம் வளையமாகப் புள்ளியிருந்தால் தண்ணீர்த் தழும்பா நோயா என்று ஆராயாமல் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

9 நவம்பர் 2023

என் அலமாரியில் இலைப்பேன்.

கடந்த ஏழு மாதமாக ஒரு புதிய செடியும் வாங்கவில்லை. பூக்களில் மஞ்சள் தூள் சிந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அக்டோபர் 23 ஆயுத பூசை. எங்கள் வீட்டில் விளக்கு அலமாரி, தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூ வைப்போம். வயலட் அலமாரியும் ஒரு கருவிதானே என்று நானே அதன் மேல்தட்டில் இரண்டு முழம் சாமந்திச் சரத்தைச் சுற்றினேன். சரம் நான்கு நாள் அங்கேயே கிடந்து வாடியது. சாமந்தி இலைப்பேனின் தாய்வீடு. பூ வாடியதும் அதிலிருந்தவை கீழே இறங்கிப் புதிய பூவைத் தேடியிருக்கின்றன.

புதிதாக வாங்கிய செடிக்கு ஆறு மாதமாக இங்கே விதிமுறை எழுதிக்கொண்டிருந்தவள் பூக்கடையிலிருந்து நேராக அலமாரிக்கு ஏற்றியிருக்கிறேன். புதிய வரவு என்றால் செடி மட்டும்தான் என்று என் மனத்தில் எங்கோ பதிந்துபோயிருந்தது.

செய்தவை: எல்லாச் செடிகளிலும் எல்லாப் பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளினேன், நாற்பத்து மூன்று செடிகள். நீல ஒட்டட்டையை (பூச்சி ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய அட்டை) ஒவ்வொரு தட்டிலும் தொங்கவிட்டேன்; இலைப்பேன் நீலத்துக்கு நன்றாக வரும், மண் கொசுவுக்கு மஞ்சள். இலைப்பேனின் கூட்டுப்புழுப் பருவம் பெரும்பாலும் மண்ணில் கழிவதால் மேல்மண்ணைச் சுரண்டி மாற்றினேன். இனி எட்டு வாரம் ஒரு பூவும் அனுமதி இல்லை.

14 நவம்பர் 2023

தீபாவளிக்கு வந்த நாத்தனார் பூவில்லாத நாற்பத்து மூன்று செடிகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன கீரையா?" என்று கேட்டார்.

இதனிடையே எறும்பைப் பற்றிக் கேட்டவருக்கு: எறும்பு வயலட்டைத் தின்னாது, ஆனால் மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காத்துக் கொண்டுசெல்லும். தொட்டியில் எறும்பு ஏறி இறங்கினால் கீழே எதையோ மேய்க்கிறது என்று கொண்டு வேரைப் பாருங்கள். பலகாரப் பெட்டிக்குச் செய்வதைப் போலத் தனியறை மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணத்து நீரை வாரம் இருமுறை கொட்டி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுவை வளர்ப்போம்.

20 ஜனவரி 2024

மறுபடியும் ஒரு திருத்தம், கால அளவைப் பற்றித்தான்.

நான்கு வாரம் என்றேன். பிறகு மண் மாவுப்பூச்சியைக் கண்டு, அது போதாது என்றேன். இப்போது இலைப்பேனுக்கும் போதாது என்று தோன்றுகிறது, குளிர்காலத்தில். கோவையின் வெப்பத்தில் இலைப்பேன் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும். குன்னூரில் சனவரி இரவின் குளிரில் அதே பயணம் ஒரு மாதத்தையும் தாண்டும். நான்கு வாரத் தனிமையில் ஒரு தலைமுறைகூட முடிந்திருக்காது. ஒட்டட்டையில் ஒன்றும் விழாது. நாம் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். மலையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாங்கும் செடிகளை மூன்று மாதம் தனியாக வைக்கலாம். கோவை, மதுரை, சென்னை என்றால் ஆறு முதல் எட்டு வாரம், நடுவே ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதோடு.

கடைசி இரண்டு வாரத்தில் ஒரே ஒரு மொட்டைக் கிள்ளாமல் விடுங்கள். அது விரிந்து, தூள் சிந்தாமல் இரண்டு மூன்று நாள் நின்றால் அதுவே சான்று. ஒட்டட்டையைவிட அந்தப் பூவை நான் நம்புகிறேன்.

என் அலமாரி எட்டு வாரத்தைக் கடந்துவிட்டது. சில செடிகளில் மொட்டு வைத்திருக்கின்றன, விட்டிருக்கிறேன்.

11 பிப்ரவரி 2024

அலமாரி சுத்தம். கோவை அன்பரின் மீதி நான்கு செடிகளும் சென்ற ஆகஸ்டிலேயே பழையவற்றோடு சேர்ந்து இன்று பூத்திருக்கின்றன என்று படம் அனுப்பியிருக்கிறார். முதல் குறிப்பில் அவர் சொன்னபடி மறுநாளே ஏற்றியிருந்தால் அந்த ஐந்தாவது செடி என்ன செய்திருக்கும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கை நான் இங்கே போடவில்லை, நாத்தனார் படிக்கிறார்.

3 மார்ச் 2024

டிசம்பரில் ஒரு செடி வாங்கினேன், வெள்ளைப் பூவில் பச்சை விளிம்பு. விருந்தினர் அறைச் சன்னலில் தொட்டியின் மேல் தேதியெழுதிய அட்டையோடு எண்பத்தைந்து நாளாக இருக்கிறது. நடுவே பொங்கலுக்கு வந்த என் அத்தை, செடி தனியாக இருந்து ஏங்குகிறதே என்று இரக்கப்பட்டு அதைத் தூக்கிவந்து அலமாரியின் நடுத்தட்டில் வைத்துவிட்டார். ஒரு பகல் முழுவதும் அங்கே இருந்திருக்கிறது. கண்டதும் திருப்பி எடுத்து, அந்தத் தட்டிலிருந்த ஒன்பது செடிகளையும் அதோடு சேர்த்து விருந்தினர் அறைக்கு அனுப்பினேன். அதனால் அத்தைக்கு அன்றிரவு கூடத்தில்தான் பாய்.

அந்தச் செடியில் ஒரு மொட்டை விட்டுவைத்திருக்கிறேன். இன்று மாலை பாதி விரிந்திருக்கிறது.

6 மார்ச் 2024

விரிந்து மூன்று நாள் ஆயிற்று. தூள் சிந்தவில்லை. ஊதிப் பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை. நாளை தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிட்டு ஏற்றுவேன்.